பங்காசியஸுக்கு இலைத்தூள் தீவனம்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

தீவன மூட்டை விலை ஏற ஏற, முருங்கை இலை, சவுண்டல் இலை, மரவள்ளி இலை, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்று கையில் கிடைப்பதைக் காயவைத்து அரைத்துத் தீவனத்தில் கலக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். தோன்றுவது சரிதான், கலக்கலாம். ஆனால் கலந்த பிறகு மீன் சாப்பிடவில்லை, வளரவில்லை, குளம் பச்சையாகிவிட்டது என்று ஒவ்வொன்றாக வரும்போது எதைத் திருத்துவது என்று தெரியாமல் இலையையே குற்றம் சொல்லிவிட்டு மறுபடி மூட்டைக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு இலையில் இருக்காது, பக்குவத்திலும் அளவிலும்தான் இருக்கும்.

நான் இங்கே சொல்வது பங்காசியஸ் கெளுத்திக்கு. மீன்வளத்துறையில் பதிவு செய்து அனுமதியோடு வளர்க்கக்கூடிய கெளுத்தி அது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு இந்தியாவில் தடை இருக்கிறது, மலிவாகக் குஞ்சு தருகிறேன் என்று யார் வந்தாலும் வாங்காதீர்கள், அதிகாரிகள் வந்து குளத்தையே அழித்துவிட்டுப் போவார்கள். நாட்டுத் தேளி வளர்ப்பவர்களும் இதைப் படிக்கலாம், ஆனால் தேளிக்குப் புரதம் அதிகம் வேண்டும், இலையைப் பங்காசியஸ் அளவுக்கு ஏற்றுக்கொள்ளாது. அதனால் நான் சொல்லும் அளவில் பாதியை வைத்துத் தொடங்குங்கள்.

கோளாறுகளுக்குப் போகும் முன் ஒரு கணக்கு. கிலோ 45 ரூபாய் தீவனத்தில் 1.5 கிலோ போட்டால் ஒரு கிலோ மீன் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம், மீனுக்கு 67.50 ரூபாய் தீவனச் செலவு. இலை கலந்து தீவனத்தை 36 ரூபாய்க்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், ஆனால் ஒரு கிலோ மீனுக்கு 2.1 கிலோ போக ஆரம்பித்தால் 75.60 ஆகிவிடுகிறது. மூட்டையில் மிச்சம், குளத்தில் நஷ்டம். ஆகவே கீழே எந்தக் கோளாறைப் பார்த்தாலும், சரிசெய்தபின் மீன் கிலோவுக்கு எவ்வளவு தீவனம் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தீவனத்தை வாயில் வாங்கித் துப்புகிறது, அல்லது கிட்டேயே வருவதில்லை

முதலில் இலையை விட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள். பங்காசியஸ் மேகோங் ஆற்றுப் பக்கத்து மீன், குளிர் அதற்கு ஆகாது. மார்கழி, தை மாதக் காலை நேரத்தில் எந்தத் தீவனம் போட்டாலும் மந்தமாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் வெயில் ஏறியபின் போட்டுப் பாருங்கள். அடுத்தது தண்ணீர். பங்காசியஸ் மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்கும் மீன், அதனால் ஆக்சிஜன் குறைந்தாலும் கட்லா, ரோகு மாதிரி உடனே செத்து மிதக்காது, பசியைத்தான் முதலில் விடும். இதைப் புரிந்துகொள்ளாமல் தீவனத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய.

தண்ணீரும் வெயிலும் சரி, பழைய தீவனம் போட்டால் பாய்ந்து சாப்பிடுகிறது, புதியதை மட்டும் துப்புகிறது என்றால் அப்போது இலைதான். கெளுத்திக்கு நாக்கு மட்டும் ருசி பார்ப்பதில்லை, மீசை முழுக்க, ஏன் உடம்புத் தோலிலும்கூட ருசி அறியும் மொட்டுகள் இருக்கின்றன. நாம் கசப்பு என்று உணர்வதற்கு முன்பே அது உணர்ந்துவிடும். முருங்கை இலையில் கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் சபோனின், சோப்பு மாதிரி நுரைக்கும் ஒரு பொருள். இலுப்பைப் புண்ணாக்கைப் போட்டுக் குளத்தில் களைமீன்களைக் கொல்கிறோமே, அதிலும் வேலை செய்வது சபோனின் வகைதான். முருங்கையில் அந்த அளவுக்கு விஷம் இல்லை, பயப்பட வேண்டாம், ஆனால் வாய் ஒதுக்க இது போதும்.

செய்ய வேண்டியது: இலையை உருவிக் காம்பை நீக்கி, கொதி அடங்கிய வெந்நீரில் ஓரிரு நிமிடம் முக்கி எடுத்து, தண்ணீரை வடித்துவிட்டு அப்புறம் காயப்போடுங்கள். சபோனின் தண்ணீரில் கரையும், கணிசமாகப் போய்விடும். கொஞ்சம் சத்தும் கூடவே போகும், பரவாயில்லை. தீவனத்தில் கருவாட்டுத் தூளோ மீன் எண்ணெயோ சிறிது சேர்த்தால் வாசனைக்கே வரும். முக்கியமாக, ஒரே நாளில் மாற்றாதீர்கள். நான்கில் ஒரு பங்கு புதியது, மூன்று பங்கு பழையது என்று தொடங்கி, பத்து நாளில் முழுதாக மாறுங்கள்.

தண்ணீரில் விழுந்ததும் கரைந்து புகை மாதிரி பரவுகிறது

ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீர் எடுத்து நாலைந்து தீவன உருளைகளைப் போட்டுவிட்டு அசைக்காமல் பாருங்கள். நல்ல உருளை ஊறி மெதுவாகப் பருக்கும், ஆனால் உருவம் குலையாது. கோளாறான உருளை ஓரங்களில் இருந்து மெல்லிய பச்சைத் தூளாக உதிரும், ஐந்து நிமிடத்தில் டம்ளர் அடியில் ஒரு படலம் படியும், உருளையைக் கரண்டியால் தொட்டால் பிளந்து உள்ளே நீளமான நார்த் துணுக்குகள் தெரியும். அந்த நார் இருக்கும் இடத்தில்தான் உருளை உடைகிறது. அதாவது இலையைச் சரியாக அரைக்கவில்லை, காம்பும் நரம்பும் அப்படியே போயிருக்கிறது.

இலையைக் கையில் வைத்து நசுக்கினால் நொறுங்கித் தூளாகும் வரை காயவைத்துத்தான் மாவு மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். பாதி காய்ந்த இலை அரையாது, நசுங்கும். அரைத்ததை மைதா சலிக்கும் சல்லடையில் சலித்து, மேலே தங்கும் நாரை மாட்டுக்குப் போட்டுவிடுங்கள். பிடிப்புக்கு, மரவள்ளி மாவை அப்படியே பச்சையாகக் கலக்காமல் கஞ்சியாகக் காய்ச்சிக் கலந்தால் நன்றாகப் பிடிக்கும். மொத்தத் தீவனத்தில் 5 முதல் 10 சதவீதம் மாவு போதும்.

மிதக்கும் தீவனம் தயாரிக்கும் இயந்திரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி, இலை கூடினால் மிதக்காது. உருளை உப்பி மிதப்பதற்கு மாவுச்சத்து 20 சதவீதமாவது வேண்டும். இலைத்தூள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் எப்படி உப்பும்? தவிட்டைக் குறையுங்கள், மாவைத் தொடாதீர்கள். முறுக்கு பிழிவது போலப் பிழிந்து காயவைக்கும் வீட்டுத் தயாரிப்பு எப்படியும் மூழ்கத்தான் செய்யும், அதற்குத் தட்டு கட்டித் தொங்கவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பது தவிர வேறு வழி இல்லை.

நன்றாகச் சாப்பிடுகிறது, வளர்ச்சி மட்டும் இல்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வீச்சு வலை போட்டுப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடை பார்க்கிறீர்களா? பார்க்கவில்லை என்றால் முதலில் அதைத் தொடங்குங்கள், கண்ணால் பார்த்து வளர்ச்சியைச் சொல்ல முடியாது. எடை நிஜமாகவே ஏறவில்லை என்றால் இரண்டு மூன்று மீனை அறுத்துக் குடலைப் பாருங்கள். பின்குடல் முழுக்கப் பச்சையாக, கையில் நசுக்கினால் சக்கையாக நார் நாராக இருந்தால் சாப்பிட்டது அப்படியே வெளியே போகிறது என்று அர்த்தம். மாட்டுக்கு இரைப்பையில் நாரை உடைக்க நுண்ணுயிர்க் கூட்டமே இருக்கிறது, மீனுக்கு அது கிடையாது.

அடுத்து புரதக் கணக்கு. முருங்கை இலைத்தூளில் 27 சதவீதம் புரதம், தீவனத்துக்கும் 28 சதவீதம்தான் வேண்டும், ஆக இலையே போதும் என்று ஒரு கணக்கு ஊருக்குள் சுற்றுகிறது. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கித்தான் புரதம் என்று எழுதுகிறார்கள். இலையில் உள்ள நைட்ரஜன் எல்லாமே புரதம் இல்லை, இருக்கும் புரதமும் எல்லாமே செரிப்பதில்லை, செரிப்பதிலும் வளர்ச்சிக்கு வேண்டிய மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. மீன்தூளில் இருக்கும் 27 கிராமும் இலையில் இருக்கும் 27 கிராமும் ஒன்றே அல்ல.

ஆகவே என் கருத்து இது: இலை தவிட்டின் இடத்தைப் பிடிக்கலாம், புண்ணாக்கில் கொஞ்சத்தைப் பிடிக்கலாம், மீன்தூளின் இடத்தைப் பிடிக்கவே கூடாது. மீன்தூளை முழுக்க எடுத்துவிட்டு இலையைப் போட்டவர்கள்தான் வளர்ச்சி இல்லை என்று வருகிறார்கள்.

வளரும் பங்காசியஸுக்கு 100 கிலோ தீவனம் என்றால் இப்படிப் போகலாம். மீன்தூள் 10 கிலோ, சோயா புண்ணாக்கு 30, கடலைப் புண்ணாக்கு 10, எண்ணெய் எடுத்த தவிடு 17, முருங்கை இலைத்தூள் 10, மக்காச்சோள மாவும் மரவள்ளி மாவும் சேர்த்து 18, எண்ணெய் 2, டைகால்சியம் பாஸ்பேட் 1, தாது உப்பு வைட்டமின் கலவை 2. புரதம் 28 முதல் 30 சதவீதத்துக்குள் வரும், நீங்கள் வாங்கும் புண்ணாக்கின் தரத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். இதில் டைகால்சியம் பாஸ்பேட்டை வீண் செலவு என்று விட்டுவிடாதீர்கள். இலையில் சுண்ணாம்புச் சத்து உண்டு, பாஸ்பரஸ் குறைவு, தாவரப் பொருட்களில் இருக்கும் பாஸ்பரஸும் ஃபைட்டேட் என்ற கட்டுக்குள் மாட்டிக்கொண்டிருப்பதால் மீனுக்குக் கிடைக்காது. முதுகு வளைந்த மீன்கள் அங்கங்கே தெரிந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

குஞ்சுப் பருவத்தில் இலையே வேண்டாம். 50 கிராம் தாண்டட்டும்.

மெதுவாகத் தேய்கிறது, நிறம் மங்குகிறது, சாவு இல்லை

போட்டது சவுண்டல் இலையா? சூபாபுல் என்றும் சொல்வார்கள், வரப்பில் தானாக முளைத்துக் கிடக்கும், புரதம் 25 சதவீதம் வரை இருக்கும், ஆடு விரும்பித் தின்னும். ஆடு தின்கிறதே, மீனுக்கு என்ன என்று கேட்பார்கள். சவுண்டலில் மைமோசின் என்ற ஒரு பொருள் இருக்கிறது, குதிரை அதைத் தொடர்ந்து தின்றால் பிடரி மயிரே உதிர்ந்துவிடும். அசைபோடும் கால்நடைகளில், பழகியவற்றின் இரைப்பையில் இதைச் சிதைக்கும் பாக்டீரியா உண்டு. மீனுக்கு அந்த வசதி இல்லை. அது உடம்பில் தைராய்டைக் கெடுக்கிறது, வளர்ச்சி நிற்கிறது.

மைமோசின் தளிரில்தான் அதிகம். தளிரை விட்டு முற்றிய இலையைப் பறியுங்கள், தொட்டியில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து நடுவில் தண்ணீரை மாற்றி, வடித்துக் காயவையுங்கள். ஊறிய தண்ணீரைக் குளத்துப் பக்கம் ஊற்றாதீர்கள், தென்னைக்குப் போகட்டும். இவ்வளவு செய்த பிறகும் 5 சதவீதத்துக்கு மேல் நான் போகச் சொல்லமாட்டேன். உண்மையைச் சொன்னால், முருங்கையோ அசோலாவோ கிடைக்கும் இடத்தில் சவுண்டலுக்காக இத்தனை மெனக்கெடத் தேவையில்லை.

தீவனம் போட்ட சில மணி நேரத்தில் சாவு

உடனே தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை மாற்றுங்கள், அப்புறம் யோசிக்கலாம். ஒரு பிடி தீவனத்தைத் தனியாகக் கட்டி வையுங்கள், சோதனைக்கு வேண்டும்.

முதல் கேள்வி, இலை எங்கிருந்து வந்தது, கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள்? அரவக்குறிச்சிப் பக்கமோ ஒட்டன்சத்திரம் பக்கமோ முருங்கைத் தோட்டத்தில் கழித்த இலை சும்மா கிடைக்கிறது என்று அள்ளிக்கொண்டு வருவீர்கள், போன வாரம் புழுவுக்கு மருந்து அடித்திருப்பார்கள். சைபர்மெத்ரின் மாதிரி மருந்துகள் மனிதனுக்கும் மாட்டுக்கும் ஓரளவு தாங்கும், மீனுக்கு மிகச் சிறிய அளவே எமன். மரவள்ளியிலும் மாவுப்பூச்சிக்கு அடிப்பார்கள். தோட்டக்காரரிடம் நேரில் கேட்காமல், இடையில் வண்டிக்காரர் சொன்னதை நம்பி இலை வாங்காதீர்கள்.

இரண்டாவது, மரவள்ளி இலையா? சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் கிழங்கு பிடுங்கும் நேரத்தில் இலை மலையாகக் குவியும், புரதமும் நல்லபடி இருக்கும். ஆனால் சயனைடு தரும் பொருள் உள்ளே இருக்கிறது. இதை நீக்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு, பலரும் தலைகீழாகச் செய்வது. இலையை முழுசாகக் கொதிக்கும் வெயிலில் போட்டு ஒரே நாளில் மொறுமொறுப்பாக்கிவிட்டால் விஷம் பெருமளவு உள்ளேயே தங்கிவிடும். அதைச் சிதைக்கும் நொதி இலையிலேயே இருக்கிறது, ஆனால் அது வேலை செய்ய இலை நசுங்கியிருக்க வேண்டும், ஈரமும் நேரமும் வேண்டும். அதனால் பொடியாக நறுக்கி, ஒரு ராத்திரி நிழலில் குவித்து வாடவிட்டு, மறுநாள் பரப்பி இரண்டு மூன்று நாள் காயவையுங்கள். வெளியாகும் ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், காற்றோட்டம் இருந்தால் தானே போய்விடும். மூடிய கொட்டகைக்குள் குவிக்காதீர்கள், உங்களுக்கும் நல்லதில்லை.

மூன்றாவது, வேறு இலை ஏதும் கலந்ததா? கூலிக்கு ஆள் விட்டு இலை பறித்தால் எருக்கு, உண்ணிச்செடி, கொழிஞ்சி எல்லாம் சேர்ந்து வரலாம். கொழிஞ்சி வயலுக்கு அருமையான பசுந்தாள் உரம், ஆனால் அந்தச் செடி இனத்தையே உலகின் பல பகுதிகளில் மீன் பிடிக்க விஷமாகப் பயன்படுத்துகிறார்கள். வேப்பிலையும் வேண்டாம். நோய்க்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அரைத்துப் போட்டுவிடாதீர்கள்.

சாவு தீவன நேரத்தோடு சம்பந்தமில்லாமல் நாள் முழுக்க ஒன்றிரண்டாக வருகிறதா? செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பு போய்ப் பழுப்பாக, காபித் தூள் நிறத்தில் இருந்தால் அது நைட்ரைட். மிச்சத் தீவனம் அடியில் அழுகியதால் வந்தது. தண்ணீரில் நைட்ரைட் எவ்வளவோ அதைப்போல் பத்து மடங்கு குளோரைடு இருக்கும்படி கல் உப்பு கரைத்துவிட்டால் மீன் தேறும், தீவனத்தைச் சில நாள் பாதியாக்குங்கள்.

குளம் கரும்பச்சையாகிவிட்டது, மதியத்தில் மீன் தவிக்கிறது

உருளை கரைவதும் இதுவும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். கரைந்த இலைத்தூள் உரமாகிப் பாசியை வளர்க்கிறது. பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்ச, மதியத்துக்குள் தண்ணீரின் கார அமில நிலை (pH) 9ஐத் தாண்டிவிடும், அப்போது தண்ணீரில் இருக்கும் அம்மோனியாவில் விஷத்தன்மை உள்ள பங்கு கூடும். ஆகவே காலையில் மட்டும் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று இருக்காதீர்கள், மதியம் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சோதியுங்கள். தண்ணீர் மாற்ற வசதி இருந்தால் மாற்றுங்கள், தீவனத்தைக் குறையுங்கள், உருளையைச் சரிசெய்யுங்கள்.

மூட்டையில் பூஞ்சை, புளித்த வாடை

இலைத்தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஐப்பசி மழையில் இன்னும் மோசம். தீவனத்தில் ஈரம் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. பூஞ்சை வந்ததைக் காயவைத்துப் போடலாமா என்று கேட்பார்கள், போடக்கூடாது, காய்ந்தாலும் நஞ்சு போகாது. கடலைப் புண்ணாக்கு சேர்ந்திருந்தால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சின் ஆபத்து இன்னும் கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் தயாரித்து அடுக்காதீர்கள், மரச்சட்டத்தின் மேல் வையுங்கள்.

அசோலா வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 100 கிலோ ஈர அசோலா காய்ந்தால் 5 முதல் 7 கிலோதான் மிஞ்சும். முருங்கையில் 20 கிலோவுக்கு மேல் தேறும். காயவைக்கும் கூலியைக் கணக்கில் சேர்த்தால் அசோலாவை அரைப்பது கட்டுப்படியாகாது, பச்சையாகவே கொஞ்சம் குளத்து மூலையில் மூங்கில் சட்டத்துக்குள் விட்டுவிடுங்கள், வேண்டியதை மீன் தின்னும். மற்ற பச்சை இலைகளை இப்படிப் போடாதீர்கள், அழுகும்.

பிடிக்கும் நேரத்தில் சதை மஞ்சளாக இருக்கிறது

மீன் ஆரோக்கியமாகத்தான் இருக்கும், விலைதான் விழும். பங்காசியஸை வெள்ளைச் சதைக்காகத்தான் வாங்குகிறார்கள், ஓட்டல்காரர்களும் துண்டு போட்டு விற்பவர்களும் மஞ்சளைக் கண்டாலே ஒதுக்குவார்கள். இலையில் இருக்கும் லூட்டின் போன்ற மஞ்சள் நிறமிகள் கொழுப்பில் போய்ச் சேருகின்றன. மஞ்சள் மக்காச்சோளமும் இதே வேலையைச் செய்யும், அதனால் இலையை மட்டும் நிறுத்திவிட்டுச் சோளத்தை விட்டுவைத்தால் பலன் பாதிதான். கோழிக்கு இலைத்தூள் போட்டால் முட்டைக் கரு நிறம் ஏறுகிறது என்று மெச்சுகிறோம், மீனில் அதுவே குறை.

ஒரு மீனை அறுத்துப் பாருங்கள். சதையும் வயிற்றுக் கொழுப்பும் மஞ்சள், ஆனால் ஈரல் சிவந்த பழுப்பில் வழவழப்பாக இருந்தால் அது நிறமி மட்டும்தான். ஈரலும் மஞ்சளாகவோ வெளுத்தோ, தொட்டால் உதிரும்படி இருந்தால் சிக்கல் வேறு. கெட்டுப்போன தவிட்டு எண்ணெய், சிக்குப் பிடித்த மீன்தூள், கோழிக்கழிவு என்று பாருங்கள். அப்படியிருந்தால் நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ மீனையும் தீவனத்தையும் ஐஸில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

நிறமி மட்டும் என்றால் பிடிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே இலையையும் மஞ்சள் சோளத்தையும் நிறுத்திவிட்டு, உடைந்த அரிசி, மரவள்ளி மாவு சேர்த்த தீவனத்துக்கு மாறுங்கள். நிறம் மெதுவாகத்தான் இறங்கும். அவசரப்பட்டுப் பிடிக்க வேண்டிய நிலை என்றால் துண்டு போடும் ஆட்களிடம் போகாமல், முழு மீனாக உள்ளூர்ச் சந்தையில் விற்றுவிடுங்கள், குழம்புக்கு வாங்குகிறவர்கள் சதை நிறத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அடுத்த முறை இலையை நிழலில் காயவைக்காமல் நேர் வெயிலில் காயவையுங்கள் (மரவள்ளி இலையை மட்டும் முன்பு சொன்னபடி நறுக்கி வாடவிட்ட பிறகுதான்), வெயில் பட்டால் அந்த நிறமி கொஞ்சம் அழியும்.